கடலடியில் கனக்காத கேமரா: புதிதாகப் படமெடுக்க இறங்குபவர்களுக்கு ஒரு மிதப்புக் கணக்கு

பெட்டி, விளக்கு எல்லாம் சேர்த்துக் கரையில் 6 கிலோ கனக்கும் கேமரா தண்ணீருக்குள் இறங்கியதும் ஒரு கிலோவாகக் குறைந்துவிடும். முதல் பத்து நிமிடம் அது பெரிய நிம்மதி. அதன்பிறகு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். ஒரு கிலோ சர்க்கரைப் பையை நீட்டிய கையில் ஐம்பது நிமிடம் பிடித்திருந்தால் என்ன ஆகுமோ, அதேதான் ஆகும்.

வலியோடு போனால் பரவாயில்லை. முன்னால் தொங்கும் எடை தலைப்பக்கத்தைக் கீழே இழுக்கும். அதை ஈடுகட்ட முழங்காலை மடக்கி, துடுப்பைக் கீழ்நோக்கி அடிப்போம். மணல் கிளம்பும், பக்கத்தில் பவளம் இருந்தால் ஒடியும். கிளம்பிய தூசு ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்) வெளிச்சத்தைப் பிடித்துப் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாக விழும். படத்தில் புள்ளி வருகிறதென்று ஸ்ட்ரோபைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களில் பலருக்குக் கோளாறு ஸ்ட்ரோபில் இருக்காது, கேமராவின் எடையில் இருக்கும்.

இடுப்பு ஈயத்தைக் குறைத்துச் சரிக்கட்டாதீர்கள்

கேமரா ஒரு கிலோ கீழே இழுக்கிறது, அதனால் இடுப்பு பெல்ட்டில் ஒரு கிலோ ஈயத்தைக் கழற்றிவிடலாம் என்று படகிலேயே யாராவது யோசனை சொல்வார்கள். கூட்டிக் கழித்தால் கணக்கு சரிதான். ஆபத்து எங்கே என்று பாருங்கள்.

11 லிட்டர் அலுமினிய சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது 1,650 லிட்டர் காற்று செலவாகிறது. லிட்டருக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அது 2 கிலோ. டைவின் தொடக்கத்தைவிட முடிவில் நீங்கள் 2 கிலோ இலேசாக இருக்கிறீர்கள். அந்த நிலையில் ஏறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது கேமரா கையை விட்டு நழுவினாலோ, கூட வந்தவரிடம் கொடுத்தாலோ, உங்கள் ஈயத்தில் ஒரு கிலோ அந்த நொடியில் காணாமல் போகிறது. பிசிடியில் (காற்றேற்றியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) வெளியேற்றக் காற்று மிச்சம் இல்லையென்றால் மேலே போவதைத் தடுக்க வழியில்லை.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் காலில் கல்லை மாட்டி இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகிலிருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே எடுத்துப் போன எடை அது. கேமராவை நாம் அப்படிக் கணக்கில் வைப்பதில்லை.

ஆகவே இரண்டையும் தனித்தனியே சமன் செய்யுங்கள். முதலில் உங்கள் உடம்பு: கேமரா இல்லாமல், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, பிசிடியைக் காலி செய்துவிட்டு 5 மீட்டரில் 3 நிமிடம் கையை அசைக்காமல் நிற்க முடிகிறதா? அரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்காமல் இதைச் செய்ய வரவில்லையென்றால், கேமராவை இன்னும் சில டைவ் கரையிலேயே விட்டுவிடுவது நல்லது. அது கைவந்த பிறகு மீதிக் கட்டுரை உங்களுக்கு.

எது மூழ்கும், எது மிதக்கும்

ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ அவ்வளவு நீரின் எடை அதன் எடையிலிருந்து குறையும். நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1,000 கிராம். கடல்நீர் ஏறத்தாழ 1,025. வெதுவெதுப்பான வங்கக்கடலில் அது இன்னும் சில கிராம் குறையும் என்றாலும் கணக்குக்கு 25 கிராம் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஹவுசிங் என்பது கேமராவை உள்ளே வைத்து மூடும் நீர்ப்புகாப் பெட்டி. அதன் வெளி அளவு மாறாது. எனவே உள்ளே கனமான கேமரா வைத்தால் அது கனக்கும், இலேசான கேமரா வைத்தால் மிதக்கப் பார்க்கும். அலுமினிய ஹவுசிங்குகள் கச்சிதமாக இருப்பதால் பெரும்பாலும் கீழே இழுக்கும். பாலிகார்பனேட் ஹவுசிங்குகள் தாராள அளவில் இருப்பதால் சில நேரம் தாமாகவே மிதக்கும்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போர்ட்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. 8 அங்குல அக்ரிலிக் டோம் உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத அரைப்பந்து. பலூன் போல கேமராவின் முன்பக்கத்தை, அதாவது முகத்தை, மேலே தூக்கும். அதே அளவுக் கண்ணாடி டோம் அவ்வளவு தூக்காது. மேக்ரோ (சின்ன உயிர்களை மிக அருகில் எடுப்பது) போர்ட் ஒல்லி, உள்ளே கனமான லென்ஸ், அதனால் முகம் தாழும். போர்ட்டின் முன்னே திருகும் ஈர லென்ஸுகள் (க்ளோஸ்-அப், அகலக் காட்சிக்கான வைட் இரண்டும்) முழுக்கக் கண்ணாடியும் உலோகமும். மிதப்பு வளையம் இல்லாதவை கல்போல இழுக்கும். டைவர்கள் வழக்கில் கீழே இழுப்பது நெகட்டிவ், மேலே தூக்குவது பாசிட்டிவ், இரண்டும் இல்லாதது நியூட்ரல். இனி அப்படியே சொல்கிறேன்.

ஸ்ட்ரோபுக்குள் இருக்கும் பேட்டரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி ஒன்று சுமார் 27 கிராம், லித்தியம் ஏஏ பேட்டரி 15 கிராம். இரண்டு ஸ்ட்ரோபுக்கும் சேர்த்து 8 பேட்டரி மாற்றினால் கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம். போன வாரம் சரியாக இருந்த கேமரா இந்த வாரம் மிதக்கிறதென்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

வீட்டிலேயே எடை போடுதல்

இதற்குக் கடல் வேண்டாம். 50 அல்லது 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, பயணப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு, சமையலறைத் தராசு, நைலான் கயிறு, மீன்பிடிக் கடையில் கிடைக்கும் 50, 100 கிராம் ஈயக்குண்டுகள் சில. அவ்வளவுதான்.

1. காலி ஹவுசிங்கை மூடி, உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பர் வைத்து, பத்து நிமிடம் முழுக்க அமிழ்த்துங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் மேலே போகலாம். அப்போதும் கேமராவை உள்ளே வைக்கப் பயமாக இருந்தால், கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடைக்குச் சமமாக ஈயத்தைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மொத்த மிதப்புக்கு உள்ளே இருப்பது என்ன பொருள் என்பது முக்கியமில்லை, எத்தனை கிராம் என்பதே கணக்கு. முகம் தாழுமா உயருமா என்று பார்க்க மட்டும் உண்மையான கேமரா வேண்டும்.

2. ஸ்ட்ரோப், அதைத் தாங்கும் ஆர்ம், ஆர்மை இணைக்கும் கிளாம்ப், அடித்தட்டான ட்ரே என்று கடலுக்குக் கொண்டுபோகும் அத்தனையும் மாட்டி, காற்றில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

3. தொட்டியில் இறக்கி நன்றாக உலுக்குங்கள். கைப்பிடியின் அடியில், டோமின் நிழல்தகட்டுக்குள், ட்ரேயின் குழாயில் குமிழிகள் தங்கும். 10 மில்லி காற்று 10 கிராம் தூக்கும். நாலு இடத்தில் தங்கினால் உங்கள் அளவே பொய்.

4. தராசில் தொங்கவிட்டு, தொட்டியின் சுவரிலோ அடியிலோ படாமல், முழுக்க நீருக்குள் இருக்கும்போது அளவைப் பாருங்கள்.

5. மிதந்தால் தராசு எதையும் காட்டாது. அப்போது ஈயக்குண்டைக் கட்டி மூழ்கடித்து நிறுங்கள். ஈயமும் நீரில் எடை குறையும், 100 கிராம் ஈயம் நீருக்குள் 91 கிராம்தான். கட்டிய ஈயத்தின் நீர் எடையிலிருந்து தராசு காட்டுவதைக் கழித்தால் கேமரா எத்தனை கிராம் பாசிட்டிவ் என்பது கிடைக்கும்.

தொட்டி போதவில்லையா? பிரித்து நிறுங்கள். ஹவுசிங்கும் போர்ட்டும் ஒரு தடவை, ஒரு ஸ்ட்ரோப் ஒரு தடவை, ஒரு ஆர்ம் ஒரு தடவை. கூட்டிக்கொள்ளலாம், விடை மாறாது. உண்மையில் இதுதான் மேலான வழி. ஒவ்வொரு பாகத்தின் நீர் எடையும் ஒரு தாளில் இருந்தால், நாளைக்கு டோமைக் கழற்றி மேக்ரோ போர்ட் மாட்டும்போது மறுபடி தொட்டியை நிரப்ப வேண்டாம்.

ஓர் உதாரணக் கணக்கு

ஒரு மிரர்லெஸ் கேமரா, அலுமினிய ஹவுசிங், மேக்ரோ போர்ட், இரண்டு ஸ்ட்ரோப், சாதாரண அலுமினிய ஆர்ம்கள். காற்றில் 6,200 கிராம். தொட்டியில் 1,150 கிராம். இரண்டையும் கழித்தால் 5,050. அதாவது இந்தக் கேமரா 5.05 லிட்டர் நீரை விலக்குகிறது. கடலில் லிட்டருக்கு 25 கிராம் கூடுதல் தூக்கல், மொத்தம் 126 கிராம். எனவே கடலில் இதன் எடை சுமார் 1,020 கிராம் நெகட்டிவ்.

நமக்கு வேண்டியது 100 கிராம் நெகட்டிவ் என்று வைப்போம். ஏன் பூஜ்யம் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன். 920 கிராம் தூக்கும் மிதவை தேவை.

6 செ.மீ. குறுக்களவும் 20 செ.மீ. நீளமும் உள்ள மிதப்பு ஆர்ம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கனஅளவு 565 மில்லி, விலக்கும் கடல்நீர் 580 கிராம். ஆர்மின் சொந்த எடை 230 கிராம் என்றால் நிகரமாக 350 கிராம் தூக்கும். இதோடு முடியவில்லை. அது இருக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சாதாரண ஆர்ம் இருந்தது. 150 கிராம் அலுமினிய ஆர்ம் நீரில் 90 கிராமுக்கு மேல் கனக்கும். அதைக் கழற்றியதால் அந்த 90 கிராமும் லாபம். ஆக ஒரு மாற்றத்துக்கு 440, இரண்டுக்கு 880. மிச்சம் 140 கிராம் நெகட்டிவ். நூறு என்று நினைத்தோம், நூற்று நாற்பது வந்திருக்கிறது. இதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம், கடலில் பார்த்துச் சரிசெய்யலாம்.

கடைகளில் மிதப்பு ஆர்மின் மேல் ஒரு எண் குறித்திருப்பார்கள். அது ஆர்மின் சொந்த எடையைக் கழித்த நிகரமா, நல்ல தண்ணீருக்கா, கடலுக்கா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்து வாங்குங்கள். பழைய ஆர்மைக் கழற்றுவதால் வரும் லாபத்தை அந்த எண் சொல்லாது. அதனால்தான் பலர் தேவைக்கு மேல் மிதவை வாங்கிவிட்டு, கேமரா மேலே ஓடுகிறதென்று புலம்புகிறார்கள்.

மிதவைக்கு என்ன பொருள்

பையில் பணம் இருந்தால் கார்பன் அல்லது அலுமினியக் குழாய் ஆர்ம். ஆழத்தில் சுருங்காது, ஆர்மாகவும் மிதவையாகவும் இரட்டை வேலை பார்க்கும். எத்தனை மீட்டர் வரை தாங்கும் என்பது குறிப்பிலேயே இருக்கும்.

அடுத்தது சாதாரண ஆர்மின் மேல் கோக்கும் நுரைத் துண்டுகள். மலிவு, ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைக்கலாம், புதியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் நுரையில் தரம் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிற நுரை ஆழத்தில் கட்டாயம் சுருங்கும். நீச்சல்குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் நீள நுரைக்குழாயை வெட்டி மாட்டினால், 5 மீட்டரில் மிதக்கும் கேமரா 25 மீட்டரில் கல்லாகிவிடும். கல்போல் கடினமான நுரையே வேண்டும். மீன்வலை மிதவைகளிலும் கெட்டியானவை உண்டு, துறைமுகக் கடைகளில் அழுத்திப் பார்த்து வாங்கலாம்.

காலித் தண்ணீர் பாட்டில் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, உள்ளிருக்கும் காற்று பாதியாகும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அரை லிட்டர் பாட்டில் மேலே 500 கிராம் தூக்கி, கீழே போனதும் 170 கிராம்கூடத் தூக்காது. மேலே ஏறும்போது மறுபடி விரிந்து, நீங்கள் நிதானமாக நிற்க வேண்டிய 5 மீட்டரில் கையை மேலே இழுக்கும். வேண்டவே வேண்டாம்.

63 மிமீ பிவிசி குழாயை வெட்டி, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி மிதவை செய்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்: 30 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 3 கிலோ கூடுதல் அழுத்தம். 63 மிமீ மூடியின் பரப்பு 31 சதுர செ.மீ. ஒரு மூடியின் மேல் மட்டும் 90 கிலோவுக்கு மேல், அதாவது ஓர் ஆள் ஏறி நிற்கிறார். குழாயின் மேல் அச்சிட்ட அழுத்த எண் உள்ளிருந்து தள்ளும் நீருக்கானது, வெளியிலிருந்து நசுக்கும் அழுத்தத்துக்குப் பொருந்தாது. தட்டையான மூடியைவிடக் கவிந்த மூடி தாங்கும். ஒட்டிய பசை ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு கேமராவில் மாட்டாமல், ஈயம் கட்டிக் கயிற்றில் படகிலிருந்து 30 மீட்டர் இறக்கிக் கால் மணி நேரம் விட்டு எடுங்கள். முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 5 கிராம் கூடியிருந்தாலும் உள்ளே நீர் புகுந்திருக்கிறது.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹெர்மீஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதைப் படமெடுக்கப் போகிறவர்கள் வேறு பயிற்சி எடுத்தவர்கள், வேறு வாயு சுவாசிப்பவர்கள். அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல 6 மடங்கு. இந்த வீட்டுத் தயாரிப்புகள் எதுவும் அந்த வரிசையில் சேராது.

சாய்வு: மொத்த எடையைவிட இதுதான் கையை வலிக்கவைக்கும்

மொத்தத்தில் நியூட்ரலாக இருந்தும் மணிக்கட்டு வலிக்கிறது என்பார்கள். காரணம் சாய்வு. முன்னால் 300 கிராம் கீழே இழுக்க, பின்னால் 300 கிராம் மேலே தூக்கினால் கூட்டுத்தொகை பூஜ்யம்தான், ஆனால் கேமரா உங்கள் கையில் திருகிக்கொண்டே இருக்கும். காவடி மாதிரிதான். இரண்டு பக்கப் பாரமும் தோளுக்குச் சமமாக அமைந்தால்தான் நடக்க முடியும். இங்கே தோள் என்பது உங்கள் கைப்பிடி.

மேக்ரோ போர்ட்டும் க்ளோஸ்-அப் லென்ஸும் மாட்டினால் முகம் தாழும். ஆர்மில் இன்னும் மிதவை போட்டு இதைத் தீர்க்கப் பார்ப்பது வீண், கேமரா மொத்தமாக மேலே போகுமே தவிர முகம் தாழ்ந்தே இருக்கும். போர்ட்டைச் சுற்றிக் கெட்டி நுரையால் ஒரு வளையம் போடுங்கள். இழுப்பு எங்கே இருக்கிறதோ தூக்கலும் அங்கேயே வரவேண்டும். வளையம் லென்ஸின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டக்கூடாது, ஸ்ட்ரோபின் ஒளியை மறைக்கும்.

பெரிய டோமுக்கு எதிர்மாறான வைத்தியம். முகம் மேலே போகிறது. டோமின் அடிப்பக்கத்தில், அல்லது ட்ரேயின் முன்முனையில், 100 கிராம் ஈயத்தில் தொடங்கிக் கூட்டுங்கள். ஈயத்தை ஹவுசிங்கின் வெற்று உலோகத்தில் நேரடியாகப் படும்படி கட்டாதீர்கள். இரு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். பழைய சைக்கிள் டியூப் துண்டில் சுற்றிக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் டையின் வாலை ஒட்ட நறுக்குங்கள், கையைக் கிழிக்கும்.

மிதவை மேலேயும் ஈயம் கீழேயும் இருப்பது இயல்பான அமைப்பு. அப்போது கேமராவைச் சாய்த்து விட்டாலும் அது தானே நிமிரும். வீடியோ எடுப்பவர்களுக்கு இந்த நிமிர்வு வரம், படம் ஆடாது. ஆனால் செங்குத்துப் படம் எடுப்பவர்களுக்கு இதுவே தொல்லை. தொண்ணூறு டிகிரி திருப்பிப் பிடிக்கும்போதெல்லாம் கேமரா மறுபடி நிமிரப் பார்க்கும். அப்படிப் படம் அதிகம் எடுப்பவர்கள் மிதவையை ஹவுசிங்குக்குக் கிட்டத்தில், உயரம் குறைவாக வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஆர்மை எந்த நிலையில் வைத்துப் படமெடுப்பீர்களோ அந்த நிலையில் வைத்துத்தான் சாய்வைப் பார்க்க வேண்டும். மேக்ரோவுக்கு ஸ்ட்ரோபுகள் போர்ட்டை ஒட்டி முன்னால் வரும். வைட் படத்துக்கு இரண்டு பக்கமும் விரிந்து பின்னால் போகும். மொத்த எடை அதேதான், சாய்வு முற்றிலும் வேறு.

கடலில் சோதனை

மணல் தரை, 5 மீட்டர் ஆழம், நீரோட்டம் இல்லாத இடம். பவளத்துக்கு மேல் இதைச் செய்யக்கூடாது. லேன்யார்டு (கேமராவின் பாதுகாப்புக் கயிறு) பிசிடியின் வளையத்தில் மாட்டியிருக்கட்டும். ஆர்ம்களைப் படமெடுக்கும் நிலையில் வைத்து, குமிழிகளை உலுக்கிவிட்டு, இரண்டு கையையும் மெதுவாக விலக்குங்கள். விடும்போது தள்ளிவிடாதீர்கள்.

100 கிராம் அளவில் நெகட்டிவாக இருந்தால் இலை உதிர்வதுபோல மெல்ல இறங்கும். மேலே போனால் ஈயம் கூட்டுங்கள். விறுவிறுவென்று இறங்கினால் மிதவை போதவில்லை. இறங்கும்போதே முகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள், அதற்குத்தான் முதலில் மருந்து வேண்டும். இதற்காக பிசிடி பையில் 50 கிராம் ஈயக்குண்டு நாலும், வெல்க்ரோ பட்டை இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீருக்கடியில் ஈயத்தைக் கூட்டுவது சுலபம், மிதவையைக் கூட்டுவது கஷ்டம், கையை விட்டால் மிதவை மேற்பரப்புக்குப் போய்விடும். ஆகவே வீட்டில் மிதவையை 100 கிராம் தாராளமாகவே மாட்டிக்கொண்டு, கடலில் ஈயத்தால் குறையுங்கள்.

5 மீட்டரில் சரியாக இருப்பது 20 மீட்டரிலும் அப்படியே இருக்கிறதா என்று அதே டைவில் பார்த்துவிடுங்கள். கீழே போனதும் கேமரா கனக்கிறதென்றால், நுரை சுருங்குகிறது என்று பொருள்.

எத்தனை கிராம் வேண்டும்

பூஜ்யம் அழகான எண், ஆனால் பெரும்பாலோருக்குச் சிறு நெகட்டிவே நல்லது. மணலில் நத்தை, கடற்குதிரை, இறால் என்று மேக்ரோ எடுப்பவர்கள் கேமராவைத் தரைக்கு ஒட்டி நிலையாக வைக்க வேண்டும். சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவைச் சுற்றியிருப்பது மாதிரி கலங்கிய நீரில் இதுதான் வேலை. 150, 200 கிராம் நெகட்டிவ் இருந்தால் அது இடத்தில் உட்காரும். வைட் படத்துக்கு 50 முதல் 100. வீடியோவுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம், அதிலும் இம்மி நெகட்டிவ் பக்கமே.

பாசிட்டிவாக வைத்தால் தொலைந்தாலும் மேலே வந்துவிடும் என்ற வாதம் உண்டு. மேலே வந்த கேமராவை அலை எங்கே கொண்டுபோகும் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை. டைவ் முழுக்க அது உங்கள் கையை மேலே இழுத்துக்கொண்டிருக்கும், ஏறும் வேளையில் கூடுதல் தூக்கலும் கொடுக்கும். தொலையாமல் இருக்க லேன்யார்டு போதும்.

கோ-ப்ரோ மாதிரிச் சின்னக் கேமராவுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஆனால் அதோடு உலோக ட்ரேயும் இரண்டு டார்ச் விளக்கும் மாட்டினால் அரைக் கிலோ நெகட்டிவ் எளிதாக வந்துவிடும். கனப்பது கேமரா அல்ல, விளக்கு. விளக்கைத் தாங்கும் ஆர்மில் நுரைத் துண்டு கோத்தால் தீர்ந்தது.

வழக்கமாகக் கெடுவது

*திடீரென்று கனக்கிறது.* முதலில் ஹவுசிங்கைப் பாருங்கள், மிதவையைப் பிறகு பார்க்கலாம். உள்ளே ஒரு லிட்டர் நீர் புகுந்தால் ஒரு கிலோ கூடும். டோமை முகம் கீழே பார்க்கத் திருப்பினால் நீர் அங்கே தேங்குவது தெரியும். அப்படியே முகம் கீழாகவே பிடித்து, வழக்கமான வேகத்தில் ஏறுங்கள். கேமராவைக் காப்பாற்ற அவசரமாக ஏறுவது முட்டாள்தனம். ஹவுசிங் உலர்ந்திருந்தால் குழாய் ஆர்மைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே நீர் சலசலக்கும்.

*ஆர்ம்கள் தாமாக மேலே எழும்புகின்றன.* மிதவை ஆர்மைத் தூக்குகிறது, கிளாம்ப் பிடி தளர்ந்திருக்கிறது. பந்து மூட்டிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தாலோ, அதில் கிரீஸ் பட்டிருந்தாலோ வழுக்கும். அந்த ஓ-ரிங்குக்குக் கிரீஸ் போடக்கூடாது. அது நீரைத் தடுக்க அல்ல, பிடிக்காகத்தான்.

*இறங்கும்போது மிதக்கிறது, ஐந்து நிமிடத்தில் சரியாகிறது.* நியோப்ரீன் டோம் உறையைக் கழற்றாமல் இறங்கியிருப்பீர்கள், அல்லது ஈர லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவே காற்று தங்கியிருக்கும். லென்ஸை ஒரு சுற்றுத் தளர்த்தி, குமிழியை வெளியேற்றி மறுபடி திருகுங்கள். படத்தில் பாதி மங்கலாக வருவதற்கும் அந்தக் குமிழிதான் காரணம்.

*குளத்தில் சரி, கடலில் மிதக்கிறது.* நம் உதாரணக் கேமரா மிதவையோடு சேர்ந்து 6 லிட்டர் நீரை விலக்குகிறது. 6 லிட்டருக்கு 150 கிராம். எனவே கடலில் 140 கிராம் நெகட்டிவாக இருக்க, நீச்சல்குளத்தில் 290 கிராம் கனக்க வேண்டும். குளத்திலேயே நூறுக்குக் கொண்டுவந்தால் கடலில் கையை விட்டு மேலே போகும். வங்கக்கடலிலிருந்து உப்பு மிகுந்த செங்கடலுக்குப் போனால் லிட்டருக்கு 6 கிராம் அளவு வித்தியாசம், நம் கேமராவுக்கு 36 கிராம். ஒரு ஈயக்குண்டுக்குக் குறைவு. அதற்காக மிதவை மாற்ற வேண்டாம்.

படகில்

மிதவை போட்டதால் காற்றில் எடை குறைவதில்லை, கூடுகிறது. உதாரணக் கேமரா இப்போது 6,360 கிராம். இதைக் கையில் பிடித்துக்கொண்டு நீரில் குதிக்காதீர்கள். முதலில் இறங்கி, பிசிடியில் காற்றேற்றி மிதந்துகொண்டு, படகிலிருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு பந்து மூட்டுக்கும் நடுவே கயிற்றுக் கைப்பிடி ஒன்று கட்டிவையுங்கள், இல்லையென்றால் படகுக்காரர் ஸ்ட்ரோப் கம்பியைப் பிடித்துத் தூக்குவார். "அண்ணா, இந்தக் கயித்தைப் புடிங்க" என்று டைவுக்கு முன்பே காட்டிவிடுவது உத்தமம்.

கீழே வலது கை கேமராவில், இடது கை பிசிடியின் காற்றுக் குழாய்க்கு. இரண்டு கையும் கேமராவில் இருக்கும்போதுதான் பலர் தங்களையறியாமல் ஏறுகிறார்கள்.

முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போடும்போது நுரைத் துண்டுகளையும் ஆர்மிலிருந்து உருவி அலசுங்கள். உள்ளே சிக்கும் மணலும் உப்பும் ஆர்மை அரிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை நுரைத் துண்டுகளைக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். முதலில் எழுதிய எடையைவிடக் கூடியிருந்தால் அது நீரைக் குடிக்கத் தொடங்கிவிட்டது, மாற்றிவிடலாம். குழாய் ஆர்மையும் அதே தராசில் ஏற்றுங்கள்.